பதினேழாம் எண்

மாலை மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை. பங்சாரில் உள்ள என் வீட்டு வாயிலில் ஒரு தந்தையும் மகனும் வந்து நின்றார்கள். தந்தைக்கு ஐம்பது வயதிருக்கும், மகனுக்குப் பதினேழு. "சார், என்னைத் தெரிகிறதா?" என்றார் தந்தை.

நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பெரும்பாலும் முகம் நினைவுக்கு வரும், பெயர் வராது. பெயர் வந்தால் எந்த ஆண்டு மாணவர் என்பது வராது. இவரைப் பொறுத்தவரையில் முகமும் பெயரும் ஆண்டும் ஒருசேர நினைவுக்கு வந்தன. அவற்றோடு ஓர் எண்ணும் வந்தது: பதினேழு.

அவர் இப்போது கிள்ளானில் குடியிருக்கிறார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறார். மகன் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்திருந்தான். காற்பந்துக் குழு ஒன்று தன் இளையோர் அணிக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் அவனை அழைத்திருந்தது. ஆறாம் படிவத்தில் படிப்பைத் தொடரவும் அவனுக்கு விருப்பம். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் பயிற்சி இருப்பதால் இரண்டையும் ஒன்றாகச் செய்வது கடினம் என்று குழுவினர் சொல்லியிருந்தார்கள். பதில் சொல்ல ஒரு மாதத் தவணை.

"இவன் ஆடுவதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். தேறுவானா, மாட்டானா என்று சொல்லுங்கள்" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்லுங்கள், சார்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் அமைதியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சுட்டது.

1988-ஆம் ஆண்டில் பங்சார் வேறாக இருந்தது. முன்னொரு காலத்தில் இரப்பர்த் தோட்டமாக இருந்த இவ்விடத்தில் அப்போதே வீடுகள் நிறைந்துவிட்டன என்றாலும், தெலாவி வீதிகளில் இன்று காணும் நெரிசல் இல்லை. இலகு இரயில் வருவதற்கு இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. மின்சார வாரிய ஊழியர்களின் பிள்ளைகளும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளும், அடுக்குமாடி வீடுகளின் பிள்ளைகளும் ஒரே திடலில் வெறுங்காலோடு ஆடினார்கள். காற்பந்து அன்று பிழைப்புக்குரிய தொழிலாகவில்லை. 1989-இல்தான் அரைத் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கின. முழுத் தொழில்முறை 1994-இல் வந்தது. அதற்கு முன்பு நன்றாக ஆடுபவனுக்கு வங்கியிலோ மின்சார வாரியத்திலோ ஒரு வேலை கிடைக்கும். அந்த வேலை ஓர் ஏழைக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். ஆகவே ஒரு பையனை அணியில் சேர்ப்பதும் விடுவதும் அன்றும் விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை.

அவ்வாண்டு பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மூன்று ஆசிரியர்களுக்குத் தரப்பட்டது. அவர்களில் நானும் ஒருவன். அறுபது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவன் முதுகிலும் எண் எழுதிய தாளை ஊசியால் குத்தினோம். இரண்டு மணி நேரத்தில் பதினெட்டுப் பேரைப் பொறுக்கியெடுக்க வேண்டும். கையில் அட்டை, அட்டையில் கட்டங்கள்: உயரம், வேகம், உதைக்கும் வலிமை, பந்துக் கட்டுப்பாடு. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சிறிய கட்டம்.

பதினேழாம் எண் என் வகுப்பு மாணவன். மற்றவர்களின் தோளுயரந்தான் இருப்பான். அவனுடைய குறிப்புக் கட்டத்தில் நான் இரண்டே செய்திகள் எழுதினேன். "சிறியவன். பந்தை வீணாக்குகிறான்." மாலையில் பதினெட்டுப் பெயர்களையும் உரக்கப் படித்தோம். பெயர் வந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். வராதவர்கள் கலைந்து போனார்கள். அவன் மட்டும் சிறிது நேரம் நின்றான். ஏதோ கேட்க நினைக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் போய்விட்டான். அதன்பின் மாலை வேளைகளில் அவனைத் திடலில் காணவில்லை.

அவ்வாண்டு வகுப்பில் நான் நடத்திய பாடங்களுள் திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரமும் ஒன்று. ஒருவனுடைய நிறையையும் குறையையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அரை மணி நேரம் விளக்கியவன், திடலில் ஒரு பையனை நிறுக்க இரண்டு நிமிடங்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நினைவை முதலில் கிளறிவிட்டவன் என் அக்காள் மகன். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் பொறியியல் படித்தவன். அங்குள்ளவர்கள் காற்பந்து என்று சொல்வது நம் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. விடுமுறையில் வந்தபோது, என் வீட்டுக் கூடத்தில் தேநீர்க் கோப்பைகளை ஆட்டக்காரர்களாக வைத்து எனக்கு அதை விளக்கினான். பதினொருவருள் 'குவாட்டர்பேக்' என்பவனே தலையாயவன். ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து முதலில் அவன் கைக்கு வரும். எதிரணி முரடர்கள் அவனைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். மூன்று நொடிகளுக்குள், யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்ய வேண்டும். தோழன் நிற்கும் இடத்திற்கு எறிந்தால் பயனில்லை. அவன் ஓடிச் சேரவிருக்கும் இடத்திற்கு எறிய வேண்டும்.

கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுக்கொருமுறை வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டில் மிகவும் தோற்ற அணிக்கே பொதுவாக முதல் வாய்ப்பு. அதற்கு முன்பு இண்டியானாபோலிஸ் நகரில் இளைஞர்களை ஒன்றுகூட்டி, உயரம், எடை, உள்ளங்கையின் அகலம், 40 கெஜம் ஓடும் நேரம் அனைத்தையும் அளக்கிறார்கள். ஆட்டப் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பழைய பயிற்றுநர்களை விசாரிக்கிறார்கள். பெண் பார்க்கப் போகும் குடும்பம்கூட இவ்வளவு விசாரிக்காது.

இவ்வளவும் செய்து அவர்கள் கண்டதென்ன? 1998-இல் பெய்டன் மேனிங், ரையன் லீஃப் என்ற இருவரில் யார் சிறந்தவர் என்று பெரும் விவாதம் நடந்தது. மேனிங் முதலாவதாகவும் லீஃப் இரண்டாவதாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். லீஃபின் ஆட்டவாழ்வு ஒருசில ஆண்டுகளில் முடிந்துபோனது. மேனிங் இருமுறை வாகை சூடினார். அதைவிட வியப்பு 2000-ஆம் ஆண்டில் நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிரேடி 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடினார். அது மிகவும் மெதுவான ஓட்டம். அவருக்கு முன்பே ஆறு குவாட்டர்பேக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட, 199-ஆம் ஆளாகவே அவர் பெயர் அழைக்கப்பட்டது. அவர் பின்னாளில் ஏழுமுறை வாகை சூடி, அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே இணையற்றவராக ஓய்வு பெற்றார்.

"அளவுகோல்களால் பயனில்லை" என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மருமகன் சொன்ன ஒரு புள்ளிவிவரம் என்னை நிறுத்தியது. "மாமா, முதலாண்டில் லீஃப் 15 முறை எதிரணியின் கையில் பந்தைப் பறிகொடுத்தார். மேனிங் எத்தனை முறை என்று நினைக்கிறீர்கள்? 28!" மேனிங் தாமே தொடக்கம் முதல் முடிவு வரை எல்லா ஆட்டங்களிலும் ஆடியவர் என்பதால் எண்ணிக்கை கூடியது; என்றாலும் 28 என்பது சிறு பிழையன்று. அவருடைய அணி அவ்வாண்டு 16 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. அடுத்த ஆண்டு அதே அணி 13 ஆட்டங்களில் வென்றது. முதலாண்டை மட்டும் பார்த்தவன் இருவரையுமே தேறாதவர்கள் என்று தள்ளியிருப்பான். ஒருவன் தவறு செய்கிறானா என்பதை ஒரு நாளில் பார்த்துவிடலாம். தவறு செய்தபின் என்ன ஆகிறான் என்பதைப் பார்க்க நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுக்க மனமில்லாதபோதுதான் நாம் அளவுகோலை எடுக்கிறோம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 2010-ஆம் ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி, முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1–5 என்று தோற்றது. அன்றிரவு அந்த இளைஞர்களைத் திட்டாதவர் நாட்டில் இல்லை. அதே மாத இறுதியில், அதே இந்தோனேசியாவை இரண்டு சுற்று இறுதியாட்டத்தில் 4–2 என்ற மொத்தக் கணக்கில் வென்று மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. அவ்விளைஞர்களுள் பலர், 2009-இல் லாவோசில் நடந்த சீ விளையாட்டில் அவரிடமே ஆடித் தங்கம் வென்றவர்கள். நெடுநாள் பார்த்துத் தெளிந்தவரால்தான் ஒருநாள் தோல்வியைக் கண்டு கலங்காமல் இருக்க முடிகிறது.

அளவுகோலில் அகப்படும் சிறப்பை நான் இகழவில்லை. கிள்ளான் துறைமுகம் நமக்குத் தந்த கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று மக்கள் அழைத்தது, அவருடைய நீண்ட கைகளைக் கண்டுதான். 1980-ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணியின் காவலர் அவர். மாஸ்கோ ஒலிம்பிக்கை நம் நாடு புறக்கணித்ததால் அவரும் தோழர்களும் அங்கே ஆட முடியாமற் போயிற்று. நான் பதினேழாம் எண்ணை ஒதுக்கிய அதே 1988-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சாலை விபத்தில் மறைந்தார். அவர் கைகளின் நீளத்தை எல்லாரும் கண்டார்கள். பந்து எங்கே வரும் என்று முன்னுணர்ந்து அக்கைகளை அங்கே கொண்டுசென்ற அறிவை எத்தனை பேர் கண்டார்கள்? அவரைப் பார்த்து நாங்கள் நீளத்தையும் உயரத்தையும் தேடக் கற்றுக்கொண்டோம். உயரம் 165 சென்டிமீட்டரே உள்ள மாரடோனா 1986-இல் உலகக் கிண்ணத்தை ஏந்தியபோது தொலைக்காட்சி முன் கைதட்டியவர்களும் நாங்களே. இரண்டே ஆண்டுகளுக்குப் பின் அட்டையில் "சிறியவன்" என்று எழுதியவனும் நானே.

இன்னொன்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை. பதினேழாம் எண் டிசம்பர் மாதத்துப் பிள்ளை. பள்ளி விளையாட்டில் பிறந்த ஆண்டைக் கொண்டே வயதைக் கணக்கிடுகிறோம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதினர் என்பது ஏட்டுக் கணக்கு. எலும்புக்கும் தசைக்கும் பதினொரு மாத வேறுபாடு உண்டு. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980-களில் இதை ஆராய்ந்தார். பனிக்கட்டி ஹாக்கி ஆட்டம் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தபோது, ஆட்ட நிரலைப் புரட்டிய அவர் மனைவி, இளம் ஆட்டக்காரர்களுள் மிகப் பலர் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களாக இருப்பதைக் கண்டு சொன்னாராம். முந்திப் பிறந்தவன் பெரியவனாகத் தெரிகிறான், அதனால் தேர்ந்தெடுக்கப்படுகிறான், அதனால் நல்ல பயிற்சி பெறுகிறான், அதனால் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். பிந்திப் பிறந்தவனை நாம் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுகிறோம். முதல் வகுப்பில் தமிழ் எழுத்துத் தடுமாறும் குழந்தையைப் 'பின்தங்கியவன்' என்று பின்வரிசையில் அமர்த்துமுன், அதன் பிறந்த மாதத்தையும் ஒருமுறை பார்ப்பது ஆசிரியர்களுக்கு நல்லது.

இந்த எண்ணங்களோடுதான் மகன் ஆடுவதைப் பார்க்கக் கிள்ளானுக்குச் சென்றேன். ஒரு முறை பார்த்துச் சொல்லமாட்டேன். மூன்று வாரம், மூன்று ஆட்டம் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மகன் தந்தையைப் போலன்று. நல்ல உயரம், பிறந்தது பிப்ரவரி. குழுவினர் அவனை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இம்முறை உயரத்தைக் கண்டு மயங்காமல் இருக்க வேண்டியிருந்தது. தந்தையிடம் செய்த பிழையின் மறுபக்கத்தை மகனிடம் செய்துவிடக்கூடாது.

முதல் ஆட்டத்தில் நான் பந்தையே பார்க்கவில்லை. அவனை மட்டும் பார்த்தேன். நடுத்திடலில் ஆடினான். பந்து தன்னிடம் வருமுன் இருமுறை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டான். சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்பதை அறிந்தபின்பே பந்தை வாங்கினான். இது எளிதில் வராத பழக்கம். இடக்காலை மட்டும் கூடியவரை தவிர்த்தான்.

இரண்டாம் ஆட்டத்தில் அவன் தட்டிய பந்தை எதிரணி வழிமறித்துக் கோலாக்கியது. அதன்பின் பத்து நிமிடங்கள் அவன் ஒளிந்துகொண்டான். திடலில் ஒளிய முடியுமா என்று கேட்கலாம். முடியும். எதிரணியாளன் முதுகுக்குப் பின்னே நின்றுகொண்டால் தோழர்கள் பந்தைத் தரமாட்டார்கள். ஓடுவதுபோல் இருக்கும், பந்து வராது. கைதட்டும் கூட்டத்திற்கு இது தெரிவதில்லை. ஆட்டம் முடிந்தபின் அவனை அழைத்துச் சொன்னேன். முகம் சிவந்தது, மறுக்கவில்லை.

மூன்றாம் ஆட்டத்திலும் ஒரு பந்தை இழந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்திற்குள் கையை உயர்த்தித் தோழனிடம் பந்தைக் கேட்டான். வந்த பந்தை இடக்காலால் அடித்தான். அது வெளியே போயிற்று. எனக்கு அந்த மூன்று ஆட்டங்களிலும் மிகவும் பிடித்த உதை அதுதான்.

அன்றிரவே இரண்டு பக்கங்கள் எழுதினேன். உயரமும் வலிமையும் இன்று அவனுக்குத் துணை. இருபது வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அப்போது இந்தத் துணை இராது. பார்வை அவனுடைய சொத்து, அது குறையாது. இடக்கால் உழைப்பால் சீராகும். தவறியபின் ஒளியும் குணம் இருந்தது. சொன்னபின் திருத்த முயன்றான். தேறுவான் என்று உறுதி கூற என்னால் இயலாது. கற்கிறான் என்று உறுதி கூறுவேன். இளம்வயது ஒப்பந்தக்காரர்களுள் பலர் உச்சநிலையை எட்டுவதில்லை. நம் நாட்டில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நிலுவையாகும் சிக்கல்களும் பலமுறை எழுந்துள்ளன. ஆகவே காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது, சம்பளம் எந்நாளில் வரும், படிப்பைத் தொடர வழியுண்டா என்ற மூன்றையும் குழுவினரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். படிப்புக்கு வழியில்லையென்றால் ஆறாம் படிவமே என் பரிந்துரை என்றும், முடிவு பையனுடையதாக இருக்கட்டும் என்றும் எழுதினேன். மகன் ஆறாம் படிவத்தில் சேர்ந்தான். வாரயிறுதிப் பயிற்சிக்கு மட்டும் வரலாம் என்று குழு ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு அழைப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது.

அந்த இரண்டு பக்கங்களை வாங்கிக்கொள்ள வந்த நாளில், தந்தை என் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றபடியே முழுவதும் படித்தார். படித்து முடித்து, "எனக்கு இப்படி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள், சார்?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

நான் உள்ளே சென்று தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். அந்த மாலை என் மனத்தில் அழியாமல் இருந்தது. பந்து அவனை நோக்கி வந்துகொண்டிருந்தபோதே, வலப்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தை அவன் கையால் சுட்டிக் காட்டினான். பந்து வந்ததும் ஒரே தட்டில் அந்த இடத்திற்கு அனுப்பினான். ஓடியிருக்க வேண்டிய தோழன் நின்றுகொண்டிருந்தான். பந்து கோட்டைக் கடந்து போயிற்று. நான் குனிந்து, "பந்தை வீணாக்குகிறான்" என்று எழுதினேன்.

தாளில் எழுதினேன்: "பதினேழாம் எண். டிசம்பரில் பிறந்தவன்; இன்னும் வளர்வான். மற்றவர்கள் காணாத இடத்தை முன்கூட்டியே காண்கிறான். அவன் அனுப்பிய பந்து சரியான இடத்திற்கே சென்றது. அங்கே ஆள் இல்லை. தேர்வாளர் அதைப் பார்த்தும் உணரவில்லை. மீண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும்." கீழே கையொப்பமிட்டு அன்றைய தேதியைப் போட்டேன்.

அவர் அதை இருமுறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, மகன் காத்திருப்பதாகச் சொல்லி விடைபெற்று, ஈரச் சாலையில் இறங்கி நடந்தார்.